எண்ணெய்த் தலையும் ஜக்கூசித் தண்ணீரும்

சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுப் பின்புறம் வந்து பார்த்தால், நான் குழாயடியில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மடியில் வெள்ளை உருளை ஒன்றை வைத்துக்கொண்டு மடிப்பு மடிப்பாகக் கழுவிக்கொண்டிருப்பேன். முதல் தடவை பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, "லாரி ஃபில்டரா?" என்று கேட்டார். பார்க்க அப்படித்தான் இருக்கும். அது எங்கள் ஜக்கூசியின், அதாவது குமிழிகளோடு தண்ணீர் பீய்ச்சும் வெந்நீர்த் தொட்டியின், ஃபில்டர். கடைக்காரர்கள் ஹாட் டப், ஸ்பா என்று என்ன பெயர் சொன்னாலும், எந்தக் கம்பெனி செய்ததாக இருந்தாலும், இங்கே எங்கள் பக்கத்தில் அது ஜக்கூசிதான்.

நாங்கள் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே, டோங்காட்டில். நான் மதுரைக்காரி. கல்யாணமாகி வந்து 16 வருஷம் ஆகிறது. என் கணவரின் குடும்பம் கரும்புத் தோட்டக் காலத்திலிருந்தே இந்த மண்ணில் இருப்பவர்கள். அத்தை, அதாவது என் மாமியார், 30 வருஷம் துணித் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அந்த 30 வருஷமும் இப்போது அவருடைய இரண்டு முழங்காலிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை மாதக் காலைகளில் கட்டிலிலிருந்து எழுந்து குளியலறை வரை நடக்கவே பத்து நிமிஷம் ஆகும். பிசியோதெரபி செய்த பெண் வெந்நீரில் காலை நீட்டி மடக்கிப் பழகச் சொன்னார். குளியல் தொட்டிக்குள் அத்தையால் இறங்கி ஏற முடியாது. அப்படித்தான் 2019-இல், ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும் ஒரு குடும்பத்திடமிருந்து ஐந்து பேர் உட்காரும் இந்தத் தொட்டியைப் பழைய விலைக்கு வாங்கினோம். கொள்ளளவு 1200 லிட்டர். அதை ஆடம்பரம் என்று நினைக்கிறவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. கலிபோர்னியாவில் பம்பு செய்துகொண்டிருந்த இத்தாலியக் குடும்பம்தான் ஜக்கூசிக் குடும்பம். அதில் கேண்டிடோ ஜக்கூசி என்பவருடைய மகனுக்குச் சின்ன வயதிலேயே மூட்டுவாதம். பிள்ளை வீட்டிலேயே நீர்ச் சிகிச்சை எடுக்கட்டும் என்று 1940-களின் கடைசியில் அவர் செய்த பம்பில்தான் இந்தப் பெயரின் கதை தொடங்குகிறது. வலிக்கிற மூட்டுக்காக வந்த பொருள் எங்கள் வீட்டுக்கும் மூட்டுக்காகவே வந்தது.

வாங்கினவுடன் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். இந்த ஊரில் நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் நிறைய. குளத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்களுக்கு ஜக்கூசி அதன் குட்டி என்ற நினைப்பு. நானும் நம்பினேன். குளத்தில் மிதக்கவிடும் பெரிய குளோரின் மாத்திரையைத் தொட்டியில் போட்டேன். அது ஓர் ஓரமாக ஒதுங்கி, இரவு முழுக்க அங்கேயே நின்று, அக்ரிலிக் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த தழும்பு ஒன்றை விட்டுவிட்டது. அது இன்னும் இருக்கிறது. அந்த மாத்திரையில் இருப்பது டிரைகுளோர். அமிலத்தன்மை அதிகம், மெதுவாகக் கரையும். பெரிய குளத்துக்குச் சரி. சின்னத் தொட்டியில் தண்ணீரின் பிஎச்சை, அதாவது அமில-கார அளவை, கீழே இழுத்து, ஹீட்டரின் உலோகத்தை அரிக்கும்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. 50,000 லிட்டர் குளத்தில் நாலு பேர் இறங்கினால் ஆளுக்கு 12,500 லிட்டர். எங்கள் தொட்டியில் அதே நாலு பேர் இறங்கினால் ஆளுக்கு 300 லிட்டர். அதுவும் 38 டிகிரி சூட்டில், வியர்த்துக்கொண்டு, உடம்பைக் காற்றுக்குமிழிகள் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்க. குளத்தில் நாள்கணக்கில் தாங்குகிற குளோரின் இங்கே கொஞ்ச நேரத்திலேயே தீர்ந்துபோகிறது.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். குளத்துக்கு வாங்கும் குளோரின் தூள் பெரும்பாலும் கால்சியம் ஹைப்போகுளோரைட். தொட்டிக்கு வாங்குவது டைகுளோர். இரண்டும் வெள்ளைத் தூள், இரண்டின் வாளியிலும் குளோரின் என்றே எழுதியிருக்கும். இரண்டையும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. ஒன்றை அள்ளிய கரண்டியை மற்றதில் விடக்கூடக் கூடாது. கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். எதுவானாலும் தூளைத் தண்ணீரில் போடவேண்டுமே தவிர, தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. எங்கள் வீட்டில் ஒரே வகைதான் வாங்குகிறோம். அதற்கென்று தனிக் கரண்டி, வெயில் படாத தனி அலமாரி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரம்.

இப்போது அந்த 2019 தீபாவளி.

இங்கே தீபாவளி வசந்தத்தின் முடிவில், டர்பன் புழுங்கத் தொடங்கும் நேரத்தில் வரும். விடியற்காலையில் எண்ணெய்க் குளியல். அத்தை எல்லாருக்கும் உச்சந்தலையில் நல்லெண்ணெய் வைத்துவிடுவார். அந்த வருஷம் டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து கொழுந்தனார் குடும்பம் வந்திருந்தது, இன்னும் இரண்டு குடும்பங்களும் கூட. சீயக்காய் போட்டுக் குளித்தாலும் நல்லெண்ணெய் முழுசாகப் போவதில்லை என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. காதுமடலுக்குப் பின்னால், கழுத்துச் சரிவில், முடியின் அடியில் இருந்துகொண்டே இருக்கும். அப்படியே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆறு பிள்ளைகளும் மூன்று பெரியவர்களும் மாறி மாறித் தொட்டியில் இறங்கினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அத்தைக்காக வாங்கின தொட்டி வீட்டையே சிரிக்க வைக்கிறதே என்று.

சாயங்காலம் மூடியைத் திறந்து, தண்ணீரைப் பீய்ச்சும் ஜெட்டைப் போட்டேன். ஒரு முழ உயரத்துக்கு நுரை பொங்கியது. சலவைத் தொட்டி மாதிரி. நுரையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தண்ணீர் இளநீர்க் கலங்கலில், மேலே வெயில் பட்ட இடத்தில் மயில்கழுத்து நிறத்தில் எண்ணெய் மினுக்கம். சோதனைப் பட்டையை முக்கி எடுத்தேன். குளோரின் கட்டம் துளி நிறம் மாறாமல் வெள்ளையாகவே நின்றது. அதாவது பூஜ்யம். வீடு நிறைய ஆள், அடுப்பில் வேலை, களைப்பு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடியைப் போட்டுவிட்டேன். காலையில் நான் எழுவதற்குள் பிள்ளைகள் மறுபடி இறங்கிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து என் ஓரகத்தியிடமிருந்து போன். அவள் பெரிய பையனுக்கு, 11 வயது, இடுப்பிலும் தொடையிலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொரிப்பொரியாக எழும்பி ஒரே அரிப்பு. நீச்சல் டிரவுசர் ஒட்டியிருந்த இடமெல்லாம் அதிகம். டாக்டர் பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி, "யார் வீட்டு ஜக்கூசியிலாவது இறங்கினானா?" சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா. கிருமிநாசினி தீர்ந்துபோன வெதுவெதுப்பான தண்ணீரில் வேகமாகப் பெருகி, மயிர்க்கால்களுக்குள் போய் இந்தச் சொறியைக் கொடுக்கும். பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், பையனுக்கும் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஓரகத்தி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பரவாயில்லை அக்கா, சின்னதுதான்" என்றாள். அந்தப் பையன் போனில் "பெரியம்மா, அடுத்த தடவையும் வரலாமா?" என்று கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. 1999-இல் நெதர்லாந்தில் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி. அங்கே விற்பனைக்குக் காட்சி வைத்திருந்த ஒரு சுழல்நீர்த் தொட்டி. அதிலிருந்து காற்றில் பரவிய நுண்ணிய நீர்த்துளிகளில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பரவி, குறைந்தது 32 பேர் இறந்துபோனார்கள். அவர்கள் அந்தத் தண்ணீரில் குளிக்கப் போனவர்களே இல்லை. கண்காட்சி பார்க்க வந்து, அந்தப் பக்கமாக நடந்தவர்கள், அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள். அந்தக் கிருமிக்குப் பிடித்தமான சூடு 25-லிருந்து 45 டிகிரி வரை. நம் தொட்டியின் சூடு அதன் நடுவில்தான் இருக்கிறது. எங்கள் அத்தைக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வயதானவர்களைத்தான் அது அதிகம் பிடிக்கும். அன்றிலிருந்து குளோரின் பூஜ்யமாக இருக்கும் தண்ணீரில் எங்கள் வீட்டில் யாரும் கால் வைப்பதில்லை. விருந்தாளி கோபித்துக்கொண்டாலும் சரி.

எண்ணெய்க் குளியலை விடச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அது விடக்கூடிய பழக்கமும் இல்லை. எண்ணெய்க்கு ஒரு நாள், தொட்டிக்கு வேறொரு நாள் என்று பிரித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்தவர் ஞாயிற்றுக்கிழமைதான் தொட்டியில் இறங்குவார். தொட்டிக்குப் பக்கத்திலேயே சுவரில் ஒரு ஷவர் வைத்தாயிற்று. இறங்கும் முன் சோப்புப் போட்டு ஒரு குளியல், தலைமுடியைத் தூக்கிக் கட்டவேண்டும். பவுடர், லோஷன், சென்ட் எல்லாம் நுரைதான். கோயிலுக்குப் போய்விட்டு மஞ்சளும் சந்தனமும் விபூதியுமாக வந்தாலும் முதலில் ஷவர். யாருக்கும் தோன்றாத ஒன்று, நீச்சல் உடை. துணி சோப்பில் துவைத்து எடுத்த உடையில் தங்கியிருக்கும் சோப்பு மிச்சமே ஒரு தொட்டியை நுரைக்க வைக்கும். வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போட்டால் போதும்.

தினசரி வேலை ஐந்து நிமிஷம்கூட ஆகாது. காலையில் பல் தேய்த்தவுடன் மூடியை ஒரு பக்கம் மடித்து, முதலில் மோந்து பார்ப்பேன். மூக்கைத் துளைக்கிற குளோரின் வாடை வந்தால் குளோரின் அதிகம் என்று பலரும் நினைக்கிறார்கள். விஷயம் தலைகீழ். குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து களைத்துப்போய்க் குளோரமின் ஆகிவிட்டது, புதுக் குளோரின் போதவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். நல்ல தண்ணீருக்கு வாடையே இருக்காது. அப்புறம் சோதனைப் பட்டை. ஈரக் கையால் டப்பாவுக்குள் விரலை விட்டால் மிச்சப் பட்டைகள் எல்லாம் வீண். டர்பன் ஈரக்காற்றுக்கு டப்பாவைத் திறந்து வைத்தாலே போதும், ஒரு மாதத்தில் பொய் சொல்லத் தொடங்கிவிடும். முக்கி எடுத்து, உதறாமல், படுக்கை வசமாகப் பிடித்து, 15 நொடி. குளோரின் 3 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்குத் தண்ணீரில் மூன்று பங்குக்கு, குறையக்கூடாது. பிஎச் 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில்.

பிஎச் எப்போதும் மேலேதான் ஏறும். என்ன போட்டோம் என்று முதலில் குழம்பினேன். காரணம் குமிழிகள்தான். சோடா பாட்டிலைக் குலுக்கினால் காற்று வெளியேறுகிற மாதிரி, ஜெட் ஓட ஓடத் தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது, பிஎச் ஏறுகிறது. 7.8-ஐத் தாண்டினால் குளோரினின் வேகம் குறையும், அதனால் உலர் அமிலத் தூள் சிறிது போடவேண்டும். பிஎச்சைத் தாங்கிப் பிடிப்பது காரத்தன்மை, அது 80-லிருந்து 120 பிபிஎம்முக்குள் இருந்தால் நல்லது. எங்கள் குழாய்த் தண்ணீரில் அது குறைவாகத்தான் வருகிறது. அதற்கு விலையுயர்ந்த புட்டி எதுவும் வேண்டாம், நம் ஆப்ப சோடாவே போதும். 1200 லிட்டருக்கு 20 கிராம் போட்டால் 10 பிபிஎம் கூடும். முதலில் காரத்தன்மை, பிறகு பிஎச், கடைசியில் குளோரின். இந்த வரிசையை மாற்றினால் ஒன்றைச் சரிசெய்யப் போய் இன்னொன்று கெடும்.

இங்கே குழாயில் வருவது மெத்தென்ற தண்ணீர், சோப்பு உடனே நுரைக்கும். மதுரை போர்த் தண்ணீரில் பக்கெட்டெல்லாம் வெள்ளைப் படிவம் பார்த்து வளர்ந்த எனக்கு இது அதிசயமாக இருந்தது. ஆனால் தொட்டிக்குக் கொஞ்சம் கால்சியம் வேண்டும், ஒரு 150 பிபிஎம்மாவது. இல்லாவிட்டால் பசித்த தண்ணீர் உலோகத்தைத் தின்னும், நுரையும் கூடும். புதுத் தண்ணீர் பிடிக்கும் அன்று ஒரே ஒருமுறை கால்சியம் போட்டுவிடுவேன்.

அத்தை தினமும் 15 நிமிஷம் உட்கார்ந்து எழுந்தபின் ஒரு டீஸ்பூன் டைகுளோர். ஜெட்டை ஓடவிட்டு, மூடியைத் திறந்தபடி பத்து நிமிஷம். அந்தத் தூளோடு சயனூரிக் அமிலமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும், அது குளோரினின் வேகத்தைக் குறைப்பதால் ஒரு மாதம் கழித்து அதே டீஸ்பூன் அதே வேலையைச் செய்யாது. அதனால் மூன்றாம் வாரத்திலிருந்து நான் வாசனை சேர்க்காத வெறும் ஜிக்குக்கு, அதாவது வீட்டில் துணி வெளுக்கும் குளோரின் திரவத்துக்கு, மாறிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் இது இல்லாத வீடு குறைவு. 3.5 சதவீதம் என்று புட்டியில் இருக்கும். 100 மில்லி ஊற்றினால் எங்கள் தொட்டியில் கிட்டத்தட்ட 3 பிபிஎம் ஏறும். பழைய புட்டி என்றால் வீரியம் குறைந்திருக்கும், ஆகவே ஊற்றிவிட்டுப் பட்டையைப் பார்க்காமல் விடுவதில்லை. முக்கியமாக, அதே நேரத்தில் அமிலத் தூளைப் போடக்கூடாது. ஜிக்கும் அமிலமும் சந்தித்தால் வருவது விஷவாயு.

சரி, மடியிலிருக்கும் ஃபில்டருக்கு வருகிறேன். அந்தத் தீபாவளிக்கு மறுவாரம் நான் அதைக் கழற்றி எடுத்தபோது கை பிசுபிசுத்தது. வெள்ளைப் பாலியஸ்டர் மடிப்புகள் புளித்த மோர் நிறத்தில் இருந்தன, அடி மடிப்புகளில் மஞ்சள் ஏறியிருந்தது. இரண்டு மடிப்பை விரலால் விரித்தால் நடுவில் ஒரு நூல் கனத்துக்கு வெண்ணெய் மாதிரி ஒரு படிவு, அதில் ஒட்டிய முடிகள். மூக்கருகில் கொண்டுபோனால் சந்தேகமில்லாமல் நல்லெண்ணெய். தண்ணீரைப் பீய்ச்சினால் முத்து முத்தாக உருண்டு ஓடியதே தவிர உள்ளே இறங்கவில்லை. பம்பு அவ்வளவு நாளும் இந்தச் சுவரின் வழியாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

எண்ணெய் பிடித்த ஃபில்டரை உடனே வினிகரிலோ அமிலத்திலோ ஊறவைத்தால் எண்ணெய் இன்னும் இறுகிவிடும். முதலில் பிசுக்கு எடுக்கும் ஃபில்டர் கரைசலில் ஒரு ராத்திரி முழுக்க ஊறவேண்டும். மறுநாள் அலசி, அதன் பிறகும் சுண்ணாம்புப் படிவு இருந்தால்தான் அமிலம். கார் கழுவும் பிரஷர் குழாயை வைத்து அடித்தால் இழைகள் கிழிந்துபோகும். தோட்டக் குழாய் போதும், மேலிருந்து கீழாகச் சாய்த்துப் பிடித்து, ஒவ்வொரு மடிப்பாக. அவசரப்பட முடியாத வேலை இது. நான் இரண்டு ஃபில்டர் வைத்திருக்கிறேன். ஒன்று தொட்டியில் இருக்கும்போது மற்றது கொடியடியில் காயும். வாரா வாரம் அலசல், மாதம் ஒருமுறை ஊறல், ஒன்றரை வருஷத்தில் புதுசு. இழைகள் பஞ்சு மாதிரி மேலெழும்பத் தொடங்கினால் அதற்கு முன்பே மாற்றிவிடவேண்டும்.

அப்புறம் 2022 ஏப்ரல். இந்தப் பகுதியில் இருந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 11, 12 தேதிகளில் கொட்டிய மழையில் எங்கள் மாகாணமான குவாசுலு-நடாலில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எங்கள் ஊரின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் உடைத்துவிட்டது. டோங்காட்டில் பல மாதம் குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம். அந்த முதல் வாரத்தில் பின்பக்கம் மூடிக்குக் கீழே 1200 லிட்டர் தண்ணீர் இருப்பது எங்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மெயின் போர்டில் தொட்டியின் சுவிட்சை அணைத்தோம். தண்ணீர் மட்டம் இறங்கினபின் பம்பு ஓடினால் பம்பும் ஹீட்டரும் கருகிப்போகும். கழிவறைக்கு ஒரு தடவைக்கு ஒரு 9 லிட்டர் வாளி. ஐந்து பேர் வீட்டில் எண்ணி எண்ணி ஊற்றி, பக்கத்து வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்து, பன்னிரண்டு நாள் வந்தது. குடிக்கவோ சமைக்கவோ ஆகாத தண்ணீர்தான். ஆனாலும் குடிதண்ணீரைக் கழிவறையில் கொட்டாமல் இருக்க முடிந்தது. கடைசியில் அடியில் கிடந்ததை அத்தை ஒரு சொம்பால் மொண்டு மொண்டு கொடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் சின்ன வயதில் லைனில், அதாவது தோட்டக் குடியிருப்பில், பொதுக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தவர். அந்தக் கை ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

பிறகு தொட்டி பல மாதம் காலியாகக் கிடந்தது. ஊருக்குத் தண்ணீர் திரும்பி வந்து, கொஞ்ச நாள் பொறுத்து, ஆசையோடு நிரப்பி ஜெட்டைப் போட்டேன். ஜெட் வாய்களிலிருந்து கறுப்பும் பழுப்புமாகத் தோல் தோலாக ஏதோ வந்தது. கருகின வெங்காயத் தோல் தண்ணீரில் மிதக்கிற மாதிரி. விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கியது.

தொட்டியைக் காலி செய்தாலும் உள்ளே வளைந்து வளைந்து போகும் குழாய்களில் ஈரம் தங்கிவிடும். அந்த ஈரத்தில் கிருமிகள் கூட்டாக ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொண்டு அதற்குள் வாழும். மேலே போடும் குளோரின் அந்தப் படலத்துக்குள் எளிதில் போகாது. கண்ணுக்குத் தெரியும் அக்ரிலிக்கை நான் அத்தனை நாளும் பளபளவென்று துடைத்திருக்கிறேன், கண்ணுக்குத் தெரியாத குழாயை நினைத்ததே இல்லை. அதற்கென்றே குழாய் சுத்தம் செய்யும் திரவம் விற்கிறார்கள். பழைய தண்ணீரை இறக்குவதற்கு முன்பே அதில் ஊற்றி, எல்லா ஜெட்டையும் ஓடவிட்டு, ஒரு ராத்திரி வைத்து, பிறகு இறக்கவேண்டும். நான் புதுத் தண்ணீரையே அதற்குப் பலி கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு தடவை போதவில்லை. இரண்டாம் தடவைதான் நுரை வெள்ளையாக வந்தது. தண்ணீருக்குத் தவித்து எழுந்த ஊரில் இரண்டு தொட்டித் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்பினேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்துக்கு முன்னும் அந்தத் திரவம் போடாமல் இருப்பதில்லை. நீண்ட நாள் காலியாக விடவேண்டி வந்தால் குழாய்களை ஈர வேக்குவத்தால் உறிஞ்சிக் காயவிட்டுத்தான் மூடுகிறோம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? லிட்டரை 12-ஆல் வகுத்து, தினமும் இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையால் மறுபடி வகுத்தால் நாள் கணக்கு வரும். 1200 லிட்டர், ஒரு ஆள் என்றால் 100 நாள். இரண்டு பேர் என்றால் 50. விருந்தாளி வந்து போன வாரங்களைக் கணக்கில் சேர்த்து நான் இரண்டரை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அந்தக் குழாய் சுத்தம் செய்யும் திரவம் போட்ட தண்ணீர் கழிவுநீர்க் குழாய்க்குத்தான். வாசல் மழைநீர்க் கால்வாயில் எதையும் விடுவதில்லை, அது நேராக ஆற்றுக்குப் போய்க் கடலில் சேர்கிறது. சில சமயம் ஜக்கூசியின் மட்டத்தைக் குறைக்க மேலாகக் கொஞ்சம் மொண்டு எடுப்பேன். அதை இரண்டு மூன்று நாள் வெயிலில் திறந்து வைத்து, பட்டையில் குளோரின் பூஜ்யம் காட்டின பிறகு புல்லுக்கு ஊற்றுவேன். கறிவேப்பிலைக்குக் கிடையாது. அந்தத் தண்ணீரில் உப்பு சேர்ந்திருக்கும், இலை ஓரம் கருகும்.

மூடியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் டர்பன் பக்கத்தில் குரங்குகள் இருக்கின்றன. வெர்வெட் குரங்குகள். மூடியின் தையலைப் பிரித்து உள்ளே இருக்கும் ஃபோமைப் பிய்த்து எறிவது அவற்றுக்கு ஒரு வேலை. சின்னக் கிழிசல் போதும். ஆவி உள்ளே புகுந்து ஃபோம் தண்ணீர் குடிக்கும், ஒரு கையால் தூக்கின மூடியை இரண்டு பேர் பிடித்தும் தூக்க முடியாது, சூடும் அதன் வழியே போய்விடும். நான் கிழிசல் தெரிந்த அன்றே ஒட்டுப்போட்டு, மேலே ஒரு தார்ப்பாலினைக் கட்டிவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் ஷாக், அதாவது வழக்கத்தைவிட அதிகக் குளோரின், போட்டபின் மூடியை முழுக்கத் திறந்து காயவைக்கவேண்டும். மூடின தொட்டிக்குள் தேங்கும் குளோரின் ஆவி மூடியின் அடித்துணியை மொறுமொறுவென்று ஆக்கிவிடும்.

மின்சாரத்துக்கு வருவோம். 18 டிகிரியில் இருக்கும் 1200 லிட்டரை 38-க்குக் கொண்டுவர 28 யூனிட் ஆகும். 2 கிலோவாட் ஹீட்டருக்கு அது 14 மணி நேர வேலை. ஆகவே தினமும் அணைத்து அணைத்துப் போடுவதைவிட நல்ல மூடியைப் போட்டு அதே சூட்டில் வைத்திருப்பதுதான் எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. லோட் ஷெடிங் மும்முரமாக இருந்த நாட்களில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனாலும் சூடு ஒரு டிகிரிகூடக் குறையாது. ஆனால் கரண்ட் திரும்பி வரும் அதிர்ச்சியில் ஒருமுறை கண்ட்ரோல் போர்டு போய்விட்டது. பிறகு சர்ஜ் பாதுகாப்பு வைத்தோம். எர்த் லீக்கேஜ் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது என் கணவர் வேலை. தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருக்கும்போது அந்தப் பொத்தானுக்கு விடுமுறை கிடையாது.

சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. அத்தைக்கு 37 போதும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் டாக்டரிடம் கேட்டுத்தான் வைத்தோம். 15 நிமிஷத்துக்கு மேல் இல்லை, எழும்போது யாராவது பக்கத்தில் நிற்கவேண்டும். கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்டுவிட்டு வரட்டும். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகளை நான் இறங்க விடுவதில்லை, அழுதாலும்.

இன்று காலை பட்டையில் குளோரின் 4, பிஎச் 7.4. ஃபில்டரைக் கழுவிக் கொடியடியில் நிறுத்திவிட்டு, காய்ந்ததை உள்ளே பொருத்தினேன். தண்ணீரின் அடியில் வெளுத்த தழும்பு தெளிவாகத் தெரிந்தது. அத்தை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி வந்தார். ஷவரில் நனைந்து, தலைமுடியை உச்சியில் முடிந்துகொண்டு, மூன்று படியிலும் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி உட்கார்ந்தார்.

"தண்ணி நல்லா இருக்கா மா?" என்று கேட்டார்.

"இருக்கு அத்தை."

முழங்காலை மெதுவாக நீட்டினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன்.